தாது மலையின் கிறிஸ்துமஸ் பொம்மைகள்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் மரத்தால் ஆன ராஜா ஒருவர் நிற்கிறார். சிவப்புச் சட்டை, வெள்ளைத் தாடி, வாய் நிறையப் பல். முதுகில் உள்ள பிடியைத் தூக்கினால் வாய் திறக்கும். கொட்டை உடைக்கும் பொம்மை; பிரெஞ்சில் 'காஸ் நுவாசெத்'. பிரான்சில் இருக்கும் என் மைத்துனர் ஒரு கிறிஸ்துமஸுக்கு ஸ்ட்ராஸ்பூர் சந்தையில் வாங்கி வந்தது. இதுவரை ஒரு பாதாம்கூட உடைத்ததில்லை.

பொம்மையின் அடியில் 'சைஃபென்' என்று ஊர்ப்பெயர் இருந்தது. எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். ஜெர்மனியில் செக் நாட்டு எல்லையை ஒட்டிய மலைப்பகுதி. அறுபது வருடத்துக்கு முன் பூகோள வகுப்பில் 'மோன் மெத்தலிஃபேர்' என்று நான் மனப்பாடம் செய்த அதே மலை! தாது மலை என்று பொருள். அன்று பெயர் மட்டும்தான் தெரியும். கதை இப்போதுதான் தெரிந்தது.

1168-இல் ஃப்ரைபெர்க் பக்கம் வெள்ளி கிடைத்தது. அதன்பின் பல நூற்றாண்டுகள் அந்த மலை மக்களுக்குச் சுரங்கம்தான் சோறு போட்டது. சைஃபெனில் வெள்ளீயம். தாது குறையக் குறைய வருமானமும் குறைந்தது. சைஃபென் சுரங்கம் 1849-இல் மூடப்பட்டது. மலையைச் சுற்றிலும் காடு; ஓடைத் தண்ணீரில் சுற்றும் கடைசல் பட்டறைகள். கை தானாக மரத்துக்குப் போனது.

1870 வாக்கில் சைஃபெனின் வில்ஹெல்ம் ஃபுக்ட்னர் என்பவர் என் அலமாரி ராஜாவின் மூதாதையைக் கடைந்தெடுத்தார். ராஜா, போலீஸ்காரர், வனக்காவலர் என்று அதிகாரம் உள்ளவர்களையே கொட்டை உடைக்க வைத்தார்கள். ஏழைகளின் கிண்டல் அது என்பார்கள்.

எனக்குப் பிடித்தது வேறொரு ஜோடி: கையில் மெழுகுவத்தி ஏந்திய சுரங்கத் தொழிலாளியும் தேவதையும். வீட்டில் எத்தனை ஆண் பிள்ளைகளோ அத்தனை தொழிலாளி, எத்தனை பெண் பிள்ளைகளோ அத்தனை தேவதை என்று ஜன்னலில் வைக்கும் வழக்கம் இருந்தது. குளிர்காலத்தில் விடியும் முன் சுரங்கத்தில் இறங்கி, இருட்டிய பின் ஏறி வருகிறவனுக்கு வெளிச்சத்தின் அருமை தெரியும் அல்லவா?

இந்தப் பொம்மைகளைப் பற்றிக் கருத்துச் சொல்ல இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் மொத்த வியாபாரி. வீட்டில் மனைவி, குழந்தைகள் எல்லாரும் சேர்ந்து செய்ததை அவர் டஜன் கணக்கில் எடுப்பார். இன்னும் மலிவாக, இன்னும் சீக்கிரமாக என்பதே அவர் கருத்து. பொம்மையின் முகத்தைப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

மற்றவர் சக சிற்பி. வேலை முடிந்த மாலைகளில் விற்பதற்காக அல்லாமல் ஆசைக்காகச் செதுக்கியவர்கள் அங்கே நிறைய. அவர்கள் கூடிச் செதுக்குவதற்கென்று 1879-இல் லோஸ்னிட்ஸ் என்ற ஊரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதைப் பார்த்து ஊருக்கு ஊர் சங்கம். ஒரே மேசை, ஒரே விளக்கு, பக்கத்தில் உட்கார்ந்தவரின் கண். கிறிஸ்துமஸுக்கு முன் கண்காட்சி. சிறுவர்களுக்கும் அங்கேயே பாடம்.

பக்கத்துக்காரர் என்ன சொல்லியிருப்பார்? மரம் செதுக்கும் எல்லாரும் புதியவர்களுக்குச் சொல்வதைத்தான். கண்ணை மேலே வைத்துவிட்டாய். தலையின் உயரத்தில் பாதியில்தான் கண் வரும். மரத்தின் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே விரலைச் செதுக்கினால் ஒடியும். கையைத் தனியாகச் செய்து ஒட்டு. பொம்மையைத் திருப்பு, முதுகைக் காட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, 'இன்னும் ஆழமாக வெட்டு.' கெட்டுவிடுமோ என்ற பயத்தில் புதியவர்கள் மேலோட்டமாகக் கீறுவார்கள். முகம் தட்டையாக நிற்கும். நிழல் விழுந்தால்தான் மூக்கு மூக்காகத் தெரியும்.

அதிலும் சுரங்கத் தொழிலாளி பொம்மை என்றால் யாரையும் ஏமாற்ற முடியாது. ஈரப் பாறையில் உட்காருவதற்காக இடுப்பின் பின்பக்கம் கட்டும் தோலை முன்பக்கம் கட்டிவிட்டால், அதைக் கட்டி வேலை செய்தவன் மேசைக்கு எதிரிலேயே இருப்பானே!

இதைப் படித்தபோது 1970-களின் என் அலுவலகம் நினைவுக்கு வந்தது. பிரெஞ்சில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் கோப்பு எழுத உட்கார்ந்தவன் நான். ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு. நான் எழுதிய வரைவு இரண்டு முறை திரும்பி வந்தது. 'மீண்டும் எழுதுக' என்ற ஒரு வரி, காரணம் கிடையாது. பக்கத்து மேசையில் அனுபவசாலி ஒருவர் இருந்தார். என் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பாரோ என்று அவரிடம் காட்டவில்லை.

மூன்றாம் முறை அவரே கையை நீட்டினார். படித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஆங்கிலம் பரவாயில்லை. அந்த அம்மாவுக்கு என்ன வேண்டும் என்பது மூன்றாம் பக்கத்தில் ஒளிந்து கிடக்கிறது. முதல் பத்திக்குக் கொண்டு வா." அந்த வாரமே உத்தரவு வந்தது. அதற்குள் அந்த அம்மாள் இரண்டு மாதம் காத்திருந்தாள். அந்த இரண்டு மாதம் மேலதிகாரியின் குற்றம் என்றே நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி என்னுடையது.

மேலே இருப்பவர் திருப்பி அனுப்புவார். விலை பேசுபவர் குறைத்துக் கேட்பார். அதே உளியைப் பிடித்தவர்தான் எங்கே தவறு என்று காட்டுவார். லோஸ்னிட்ஸ்காரர்கள் அதற்கென்று ஒரு மேசை போட்டு உட்கார்ந்தார்கள். எனக்கு மேசை பக்கத்திலேயே இருந்தது. நாற்காலியைத் திருப்பத்தான் இரண்டு மாதம் ஆயிற்று.