கிருபையும் பந்தி வரிசையும்

திருவெம்பாவை பிறந்த தலம் என்று திருவண்ணாமலையைச் சைவ மரபு கொண்டாடுகிறது. வாழ்க்கையை வீணடித்துவிட்டு வல்லாள கோபுரத்திலிருந்து குதித்த அருணகிரிநாதரை முருகன் ஏந்திக்கொண்டான் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். அந்தக் கதையில் அருணகிரியின் கையில் புண்ணியம் என்று எதுவும் இல்லை. ஏந்தியவனின் இரக்கம் மட்டுமே இருக்கிறது. ஆகவே, மீட்பு மனிதன் சம்பாதிப்பதல்ல, கடவுள் இரங்கிக் கொடுப்பது என்ற உபதேசத்துடன் லுத்தரன் ஊழியர்கள் இந்த வட்டாரத்துக்கு வந்தபோது, அதைக் கேட்ட மக்களுக்கு அது அந்நியமாக இருந்திருக்காது.

அந்த ஊழியர்கள் டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள். திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் மேல்நிலைப் பள்ளி இன்றும் இயங்குகிறது. வட கடலோரத்துச் சிறிய நாடொன்றின் பெயர் இந்த ஊரின் பள்ளிக்கு எப்படி வந்தது என்று தேடிப் போனால், தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குள் நூறாண்டுகளுக்கும் மேலாக நீடித்த ஒரு சண்டையில் போய் நிற்கிறோம். அந்தச் சண்டை கிருபையைப் பற்றியது என்பதே என் எண்ணம்.

மார்ட்டின் லுத்தர் துறவியாக இருந்தவர். உபவாசம், இரவு விழிப்பு, ஓயாத பாவ அறிக்கை என்று தன்னை வருத்திக்கொண்டும் மன அமைதி கிடைக்காமல் தவித்தார். விட்டன்பர்க்கில் பேராசிரியராக வேதாகமத்தைப் படித்து, பாடம் நடத்தி வந்த காலத்தில், ரோமருக்குப் பவுல் எழுதிய நிருபம் அவருக்கு வழி காட்டியது. நற்செயல்களைக் கணக்கிட்டுக் கடவுள் ஒருவனை நீதிமான் ஆக்குவதில்லை. கிறிஸ்துவின் பொருட்டு இலவசமாக ஏற்றுக்கொள்கிறார், விசுவாசம் அதைக் கை நீட்டி வாங்குகிறது. நற்செயல்கள் அதன் பிறகு, நன்றியிலிருந்து பிறப்பவை. பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து அவர் 1517 அக்டோபர் 31 அன்று எழுப்பிய குரல் ஐரோப்பாவையே இரண்டாக்கியது.

அந்தப் போதனையுடன் 1706 ஜூலையில் லுத்தரன் ஊழியர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். ஐரோப்பாவில் லுத்தர் எதிர்த்தது, மனிதன் செய்து சேர்க்கும் தகுதியை. தமிழ் மண்ணில் லுத்தரின் பிள்ளைகள் சந்தித்தது வேறொரு தகுதி. அதை யாரும் செய்து சேர்க்க வேண்டியதில்லை, பிறக்கும்போதே வந்துவிடும். செய்த புண்ணியம் கடவுள் முன் செல்லாது என்றால் பிறந்த சாதி மட்டும் எப்படிச் செல்லும்? இந்தக் கேள்வி எழாமல் இருக்க வழியே இல்லை. ஆனால் தரங்கம்பாடி ஆலயத்துக்குள் சாதிப்படி தனித்தனியே உட்கார்ந்தார்கள், திருவிருந்துக்கும் மேல்சாதியார் முதலில் போனார்கள்.

இங்கே ராஜநாயக்கனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பறையர் குலத்தில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், தஞ்சை மன்னரின் படைவீரர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதப் பகுதிகளைத் தானே படித்து லுத்தரன் சபைக்கு வந்தார். 1720களின் இறுதியிலிருந்து உபதேசியாராகத் தஞ்சைச் சீமைக் கிராமங்களில் உழைத்தார். 1733ல் ஆரோன் என்ற வெள்ளாளர் முதல் தமிழ் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். அடுத்த குருவைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்தபோது ராஜநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. அவர் கையால் அப்பமும் ரசமும் வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். 1741ல் தியோகு என்பவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது. ராஜநாயக்கன் 1771ல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார். தகுதி பாராமல் தரப்படுவது கிருபை என்று நாற்பதாண்டுகளுக்கும் மேலாக ஊர் ஊராகச் சொன்ன மனிதர் அவர். அவருக்கு நேர்ந்ததை அநீதி என்றல்லாமல் வேறு எப்படியும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த நூற்றாண்டில் சண்டை வெளிப்படையாகவே வெடித்தது. ஆலயத்திலும் திருவிருந்திலும் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833ல் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் சென்னையிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். 1840களில் தரங்கம்பாடியில் வேரூன்றிய ஜெர்மனியின் லைப்சிக் மிஷனில் அவர்களில் பலருக்கு இடம் கிடைத்தது. அந்த மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனில் தந்த பெரும் தமிழறிஞர். சாதி ஒரு சமூக ஏற்பாடு, விசுவாசம் வளர வளர அது தானாகக் கரையும், கட்டளை போட்டால் கிருபையைச் சட்டமாக்கியதாகிவிடும் என்பது அவர் வாதம். அதை நேர்மையாகவே நம்பினார் என்று நினைக்கிறேன். ஆனால் மேல்சாதியாரின் மன நிம்மதியைக் காத்த அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தவர்கள் கடைசி வரிசையில் காத்திருந்தவர்கள்.

லைப்சிக் மிஷனுக்குள்ளேயே கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர் இதை ஏற்கவில்லை. அவர் விலகி, கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவே பட்டாம்பாக்கத்தில் 1860களின் தொடக்கத்தில் பெத்தானியா என்ற பெயரில் தனி ஊழியம் தொடங்கினார். கையில் பணமில்லை, பின்னால் சங்கமில்லை. 1821ல் டென்மார்க்கில் தோன்றிய டேனிஷ் மிஷனரி சங்கம் அவரைத் தாங்க முன்வந்தது. அந்த ஊழியம்தான் பின்னர் திருக்கோவிலூருக்கும் திருவண்ணாமலைக்கும் பரவி, இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் சேரிகளிலிருந்து வந்தவர்கள். பள்ளிக்கூடத்தின் பெயரில் உள்ள 'டேனிஷ்' இப்படி வந்ததுதான்.

மனிதன் நீதிமானாவது எப்படி என்ற பழைய வழக்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. மீட்பு கிருபையால் மட்டுமே என்று இரு தரப்பும் சேர்ந்தே சொல்லிவிட்டன. தமிழ்நாட்டிலோ, கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களில் சாதியைப் பிரிக்கும் சுவரை இடிக்கச் சொல்லி இந்த நூற்றாண்டிலும் போராட வேண்டியிருந்தது. திருச்சி மேலப்புதூர்ச் சுவர் அவற்றுள் ஒன்று.

மறுதரப்பின் நியாயத்தையும் கேட்காமல் இந்த வரலாறு முழுமையாகாது. பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார், 1829ல், சாதி வேறுபாட்டை ஒழிக்க முயன்ற புதிய மிஷனரிகளுக்கு எதிராகத் தஞ்சைக் கிறிஸ்தவர்களின் சார்பில் எழுதினார். அவர் வாதத்தைக் கேட்க அடுத்த வாரம் தஞ்சாவூருக்குப் போவோம்.