வெளி வீதிகள் (மதுரை)

மதுரையின் பழைய நகரை நான்கு புறமும் சுற்றிச் செல்லும் வீதிகள். கீழவெளி, தெற்குவெளி, மேலவெளி, வடக்குவெளி என்று திசைப் பெயரோடு வழங்குகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இவ்வீதிகள் உள்ள இடத்தில் நாயக்கர் காலத்து மதிலும் அகழியும் இருந்தன. மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வரிசையாக விரியும் வீதிச் சுற்றுகளுக்கு வெளியே கடைசியாக அமைந்தது வெளி வீதிச் சுற்று. உள்ளே இருப்பவை சாமி புறப்பாட்டுக்கும் தேரோட்டத்துக்கும் உரிய வீதிகள். வெளி வீதிகளோ ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக் காலத்து நகர வேலையால் உண்டானவை.

கோட்டை

1529-இல் மதுரையில் ஆட்சியைத் தொடங்கிய விசுவநாத நாயக்கர் பாண்டியர் காலத்துப் பழைய மதிலை அகற்றி, அதைவிடப் பெரிய சுற்றளவில் இரட்டை மதிலும் அகழியும் கொண்ட கோட்டையைக் கட்டினார். அதற்கு 72 கொத்தளங்கள். நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தபோது கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் என்று காவல் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது. இந்த ஏற்பாட்டில் தளவாய் அரியநாத முதலியாரின் பங்கு பெரிது. நாடு பிரிந்து கிடந்தாலும் தலைநகரின் மதிலில் ஒவ்வொரு பாளையத்துக்கும் ஒரு கடமை இருந்தது.

ஊர் மதிலுக்குள் அடங்கியிருந்தது. மாசி வீதிகளுக்கும் மதிலுக்கும் இடைப்பட்ட பகுதி கோட்டையின் ஓரப் பகுதி. மன்னர்கள் எழுப்பிய சில கட்டடங்கள் வாசலுக்கு வெளியே நின்றன. 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரில் விளங்கும் சத்திரம் மேற்குப் பக்கத்தில் உள்ளது.

முற்றுகை

கோட்டையின் வலிமை கடுமையாகச் சோதிக்கப்பட்டது யூசுப் கானின் காலத்தில். மருதநாயகம் என்று பரவலாக அறியப்படும் இவர் கம்பெனிப் படையின் தளபதியாக இருந்து மதுரையை நிர்வகித்தவர். பிறகு ஆற்காட்டு நவாபையும் கம்பெனியையும் எதிர்த்துத் தனித்து நின்றார். 1763-இல் நடந்த முதல் முற்றுகை மழைக்காலம் வந்ததும் கைவிடப்பட்டது. 1764-இல் மீண்டும் முற்றுகையிட்டார்கள். ஜூன் மாத இறுதியில் நேரடியாக ஏறித் தாக்கியபோதும் கோட்டை விழவில்லை. உள்ளே தானியம் தீர்ந்த நிலையில் கூட இருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அக்டோபர் 15 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். மேற்கே சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத் தலம் உள்ளது. கான் சாகிப் என்ற அவருடைய பட்டப்பெயர் நகருக்குள் கான்சா மேட்டுத் தெரு என்று நிலைத்துவிட்டது.

இடிப்பு

1801-க்குப் பிறகு தென்னாடு முழுவதும் கம்பெனியின் கையில் வந்ததும் மதுரைக் கோட்டைக்குப் போர்ப் பயன் இல்லாமல் போயிற்று. மதிலுக்குள் நெரிசல் கூடியது; அகழியோ தண்ணீர் தேங்கி நாறியது. 1834 முதல் 1847 வரை கலெக்டராக இருந்த ஜான் பிளாக்பர்ன் மதிலை அகற்றி அகழியைத் தூர்க்க முடிவு செய்தார்.

அவ்வளவு பெரிய கல்மதிலைக் கூலி கொடுத்து இடிக்கப் பெருந்தொகை வேண்டும். பிளாக்பர்ன் நிலத்தையே கூலியாக்கினார். மதிலும் அகழியும் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டன. தன் பங்கில் உள்ள சுவரை இடித்து, அந்தக் கல்லையும் மண்ணையும் கொண்டே பள்ளத்தை நிரப்பிச் சமப்படுத்துகிறவருக்கு அந்த மனை. ஊர் மக்களே முன்வந்து இடித்தார்கள். அகழியின் தடத்தில் அகலமான வெளி வீதிகளும், அவற்றுக்கு உட்புறம் புதிய தெருக்களும் வீடுகளும் உருவாயின.

வேலையை முன்னின்று நடத்திய இருவரின் பெயர்கள் அப்புதிய தெருக்களுக்கு இடப்பட்டன. ஒருவர் பெருமாள் மேஸ்திரி. மற்றவர் நில அளவையாளர் மாரட். மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவே மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, கீழ மாரட் வீதி, தெற்கு மாரட் வீதி என்று அவை இன்றும் வழங்குகின்றன. பிளாக்பர்னுக்கு நன்றியாக ஊரார் எழுப்பிய இரும்பு விளக்குக் கம்பம் கீழ மாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் கூடும் முனையில் நிற்கிறது. அந்தப் பகுதிக்கே விளக்குத்தூண் என்று பெயர். கலெக்டரின் பெயரை அங்கே கடை வைத்திருப்பவர்களிலும் பலர் அறியமாட்டார்கள்.

பின்னர் வந்தவை

புதிய நிலம் புதிய நிறுவனங்களுக்கு இடம் தந்தது. 1866-இல் நகராட்சி ஏற்பட்டது. 1875-இல் இருப்புப்பாதை வந்தபோது ரயில் நிலையம் மேலவெளி வீதியில், மங்கம்மாள் சத்திரத்துக்கு எதிரே அமைந்தது. நடந்தும் வண்டியிலும் வந்த யாத்திரிகர் தங்கிய சத்திரம் அதன்பின் ரயிலில் வந்தவர்களுக்கும் உதவியது. நிலையத்திலிருந்து கோயிலை நோக்கிச் செல்லும் டவுன் ஹால் ரோடு விடுதிகளும் கடைகளும் நிறைந்த தெருவாயிற்று.

வடக்குவெளி வீதிப் பக்கம் கல்விக்குரியதாக வளர்ந்தது. அங்குள்ள சேதுபதி பள்ளியில் 1904-இல் சுப்பிரமணிய பாரதி சில மாதங்கள் தமிழாசிரியராக வேலை பார்த்தார். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய நான்காம் தமிழ்ச் சங்கமும் அருகிலேயே இருக்கிறது. கீழவெளி வீதியில் புனித மரியன்னை பேராலயமும் கிறித்தவ மிஷன் மருத்துவமனையும் அமைந்தன. மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் 1952-இல் ‘பராசக்தி’ படத்தோடு திறக்கப்பட்ட தங்கம் தியேட்டர் பல்லாண்டுகள் நகரின் பெருமையாக இருந்து, பின்னர் இடிக்கப்பட்டது.

எச்சங்கள்

கோட்டையில் கண்ணுக்குத் தெரிய மிஞ்சியது மிகக் குறைவு. பெரியார் பேருந்து நிலையத்தை ஒட்டி மேற்கு மதிலின் ஒரு பகுதி நிற்கிறது. ஊர்ப் பேச்சில் மிஞ்சியது அதிகம். கீழவாசல், தெற்குவாசல், மேலவாசல் என்று பஸ் நிறுத்தங்களும் வட்டாரங்களும் இல்லாத வாசல்களின் பெயரால் அழைக்கப்படுகின்றன.

1971-இல் மாநகராட்சியான மதுரை வைகைக்கு வடக்கிலும் மேற்கிலும் பரந்துவிட்டது. வெளியூர் பஸ்களில் பெரும்பாலானவை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டன. ஆனாலும் ‘டவுனுக்குள் போகிறேன்’ என்று மதுரைக்காரர் சொன்னால் வெளி வீதிகளுக்கு உட்பட்ட நிலத்தையே குறிக்கிறார். மதில் இடிந்து ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகியும் ஊரின் உள், புறம் என்ற கணக்கு அதன் தடத்திலேயே நடக்கிறது.