அடங்காத் தமிழன் மறித்த வாசல்

நடுவர் அவர்களே, பனியன் கம்பெனி ஷிப்டு முடிந்து அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிற திருப்பூர்ப் பெருமக்களே! தீண்டாமையை ஒழிப்பது சட்டமா, மனமாற்றமா என்பது இன்றைய தலைப்பு. எதிரணி அம்மா என்ன சொன்னாங்க? "படிப்பு வந்தா மனசு தானா மாறிடும்"னு சொன்னாங்க. எவ்வளவு படிப்புங்க வேணும்? ஆக்ஸ்போர்டு போதுமா? (சிரிப்பு)

யாழ்ப்பாணத்துக்காரர் செ. சுந்தரலிங்கம். 1895-இல் பிறந்தவர். ஆக்ஸ்போர்டிலே படித்தார். சிவில் சர்வீஸ் தேறினார். அதையும் விட்டுவிட்டுக் கொழும்பிலே கணிதப் பேராசிரியர் ஆனார். 1947-இல் வவுனியாவிலே சுயேச்சையாக நின்று ஜெயித்து, டி.எஸ். சேனநாயக்கா மந்திரிசபையிலே வர்த்தக அமைச்சர். மறு வருஷமே, தோட்டத் தமிழருடைய குடியுரிமைப் பிரச்சினையிலே பதவியைத் தூக்கிப் போட்டுட்டு வெளியே வந்தார். அந்தத் தோட்டத்து ஜனங்களிலே பலர் பின்னாலே திரும்பி வந்து, இதோ நம்ம நீலகிரியிலே கூடலூர், கோத்தகிரிப் பக்கம்தான் குடியிருக்காங்க. அவங்களுக்காக மந்திரி நாற்காலியை உதறிய மனுஷன்! இடையிலே கொஞ்ச காலம் தவிர, 1960 வரைக்கும் வவுனியா எம்.பி. ஈழம்னு ஒரு தனி நாடு வேணும் என்று முதலில் பேசியவர்களில் ஒருவர். ஜனங்கள் வைத்த பேரு "அடங்காத் தமிழன்".

இப்ப 1968-க்கு வாங்க. காங்கேசன்துறை பக்கத்திலே மாவிட்டபுரம் கந்தசாமி கோயில். ஒரு ராஜகுமாரிக்கு இருந்த குதிரை முகம் நீங்கிய தலம் என்பது ஐதீகம். குதிரை முகம் போன ஊரிலே சாதி முகம் போகலீங்க! தாழ்த்தப்பட்ட மக்கள் "நாங்களும் முருகனைக் கும்பிட வர்றோம்" என்று வாசலுக்கு வந்தாங்க. மறித்து நின்றவர்களுக்கு முன்னாலே யார்? எழுபது தாண்டிய அடங்காத் தமிழன். சிங்களவன் எங்களைச் சமமா நடத்தலைன்னு கொதித்த அதே மனுஷன்!

அவருக்குப் படிப்பு குறைவா? தமிழ்ப் பற்று குறைவா? பதவி ஆசை பிடித்தவரா? ஒண்ணும் இல்லை. அதனாலேதான் எனக்கு இந்த வரலாறு வலிக்குது.

அவரை நகர்த்தியது எது? 1957-இல் வந்த சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம். அந்தச் சட்டம் வந்தபோது அவரே எம்.பி.! அதிலே தண்டனை, ஐம்பது ரூபாய் அபராதம். அந்த ஐம்பது ரூபாய்க்காக லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனார். அங்கேயும் தோற்றார்.

எதிரணி ஐயா அலபாமா கவர்னர் ஜார்ஜ் வாலஸ் மனம் மாறி மன்னிப்புக் கேட்டதைச் சொன்னார். உண்மைதான். ஆனா 1963-இல் அவர் பல்கலைக்கழக வாசலை மறித்து நின்றப்ப, கென்னடி மனமாற்றத்துக்காகக் காத்திருக்கலை. தேசியக் காவல் படையை அனுப்பினார். கறுப்பின மாணவர்கள் இரண்டு பேர் அன்றைக்கே உள்ளே போனாங்க. வாலஸ் மனசு மாற இன்னும் பல வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் அந்தப் பிள்ளைங்க வாசல்லேயே நிற்கணுமா?

தூரத்துக் கதைன்னு நினைக்காதீங்க. 2018-இல், இங்கே அவிநாசிக்குப் பக்கத்திலே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளிக்கூடத்திலே, தாழ்த்தப்பட்ட ஒரு சமையல் அம்மா சத்துணவு ஆக்கக் கூடாதுன்னு தகராறு பண்ணினாங்களே! அந்த அம்மாவுக்குத் துணையா வந்தது எது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலே போட்ட வழக்கு. நடுவர் அவர்களே, மணி அடிச்சிட்டாங்க.