எல்லை கடந்த வாடகைக் கார்: கடற்பாலச் சாலையின் எழுதப்படாத வரலாறு

சிராங்கூன் சாலையின் தொடக்கத்திலுள்ள தேக்காச் சந்தையிலிருந்து ரோச்சோர் கால்வாயைக் கடந்து சிறிது தொலைவு நடந்தால் குவீன் ஸ்திரீட் நிலையத்தை அடையலாம். அங்கே ஜோகூர் பாருவுக்குச் செல்லும் பேருந்துகளும், பான் சான் ஸ்திரீட் பக்கமாக எல்லை கடந்து செல்லும் டாக்சிகளும் நிற்கின்றன. நம்மில் பலர் அவ்விடத்தைப் பயணம் தொடங்கும் இடமாக மட்டுமே அறிவோம். வரலாற்றைக் கற்பிப்போருக்கும் கற்போருக்கும் அங்கே ஒரு வினா காத்திருக்கிறது. சிங்கப்பூர் டாக்சிகள் நகரின் எல்லாப் பகுதிகளிலும் பயணிகளை ஏற்றி இறக்குகின்றன. ஜோகூரிலிருந்து வரும் டாக்சி மட்டும் ஏன் இந்த ஒரே நிலையத்துக்கு வந்து நிற்க வேண்டியிருந்தது? இதற்கு விடை காண நாம் நூறாண்டுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1903இல் சிங்கப்பூர் நகரத்தையும் தீவின் வடகரையையும் இணைக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1909இல் ஜோகூர் மாநில இருப்புப்பாதை நிறைவுற்று, மலாயாவின் ஏனைய பாதைகளோடு இணைந்தது. எனினும் இரண்டு பாதைகளுக்கும் இடையே ஜோகூர் நீரிணை கிடந்தது. பயணிகள் ரயிலை விட்டு இறங்கிப் படகேறி அக்கரை சேர்ந்தனர். சரக்குப் பெட்டிகளை மிதவைகளில் ஏற்றிக் கடத்தினர். ரப்பரும் ஈயமும் பெருகப் பெருக இந்த ஏற்பாடு போதாமற் போயிற்று. ஆகவே நீரிணையின் குறுக்கே கல்லைக் கொட்டி நிலையான பாதை அமைக்கலாம் என்னும் திட்டம் 1917இல் முன்வைக்கப்பட்டது.

1919இல் பணி தொடங்கியது. 1920 ஏப்ரல் 24ஆம் நாள் ஆளுநர் சர் லாரன்ஸ் கில்மார்ட் அடிக்கல் நாட்டினார். 1923 செப்டம்பர் 17ஆம் நாள் சரக்கு ரயிலும், அக்டோபர் 1ஆம் நாள் பயணிகள் ரயிலும் அதன்மேல் ஓடத் தொடங்கின. 1924 ஜூன் 28ஆம் நாள் அதிகாரபூர்வத் திறப்பு விழா நடைபெற்றது. ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய நீளம் கொண்ட அப்பாதையில் இரண்டு தண்டவாளங்களும், அவற்றின் பக்கத்தே ஒரு சாலையும் இருந்தன. இதை நாம் கடற்பாலம் என்று வழங்குகிறோம். ஆனால் தூண்களின்மேல் நிற்கும் பாலமன்று இது. கடலுக்குள் கருங்கல்லைக் கொட்டி எழுப்பிய கரை. நம் மரபு ‘சேது’ என்றும் ‘அணை’ என்றும் வழங்கிய சொற்களின் பொருளுக்கே இது மிக அருகில் நிற்கிறது.

கடற்பாலத்தைக் கட்டியோரின் முதன்மை நோக்கம் ரயில். சாலை அதன் துணையாகவே வந்தது. ஆனால் காலம் செல்லச் செல்லத் துணையாக வந்ததே முதன்மை பெற்றது. ரயில் குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நிலையத்தில் நிற்கும். ஜோகூரின் உட்பகுதியிலுள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கோ, வடகரையில் செம்பவாங் கடற்படைத் தளத்தருகே இருந்த ஒரு வீட்டுக்கோ ரயில் செல்லாது. வாசல்வரை செல்ல மோட்டார் வண்டி வேண்டும். சொந்தமாக வண்டி வைத்திருக்கும் வசதி மிகச் சிலருக்கே இருந்தது. மற்றவர்க்கு உதவியது வாடகைக் கார்.

மலாயா முழுவதும் பரவிய அந்த வழக்கத்தை முதியோர் பலர் இன்றும் நினைவுகூர்வர். வண்டி ஓரிடத்தில் நிற்கும். நான்கு பயணிகள் சேர்ந்ததும் புறப்படும். கட்டணத்தை நால்வரும் பகிர்ந்துகொள்வர். காத்திருக்க இயலாதவரோ, குடும்பத்தோடு தனித்துச் செல்ல விரும்புபவரோ நான்கு இருக்கைக்கும் உரிய தொகையைக் கொடுத்து முழு வண்டியையும் அமர்த்திக்கொள்வர். இன்று கைபேசியில் தனி வண்டிக்கு முன்பதிவு செய்கிறோமே, அதன் முன்னோடி இந்த ‘முழு வண்டி’ ஏற்பாடுதான். திருமணத்துக்கும் சாவுக்கும், தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் குடும்பங்கள் இவ்வாறு கரை மாறின.

இச்சாலை ஆட்களை மட்டும் இணைக்கவில்லை. கடற்பாலம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட அதே 1924இல் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ தோன்றியது. 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். இரண்டு இதழ்களுக்கும் இரு கரைகளிலும் வாசகர் இருந்தனர். மலாயாத் தமிழ் இலக்கியம் என்று அக்காலத்தில் ஒன்றே இருந்தது. சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம், மலேசியத் தமிழ் இலக்கியம் என நாம் இன்று வகுப்பறையில் இரண்டாகப் பிரித்துக் கற்பிப்பவை முன்பு ஒரே நிலத்தின் விளைச்சலாக இருந்தன. அந்நிலத்தை ஒன்றாக்கிய பாதைகளுள் கடற்பாலச் சாலையும் ஒன்று.

அப்பாதை ஒருமுறை உடைக்கப்பட்டது. 1942 ஜனவரி 31ஆம் நாள், மலாயாவிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, இந்தியப் படைகள் தீவுக்குள் நுழைந்து முடித்தபின், கடற்பாலத்தின் ஒரு பகுதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஜப்பானியரின் வருகையை அது நீண்டநாள் தடுக்கவில்லை. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. உடைந்த இடத்தை ஜப்பானியர் செப்பனிட்டனர். வெடிமருந்து உண்டாக்கிய பிளவு விரைவில் அடைபட்டது. பின்னர்ச் சட்டம் உண்டாக்கிய பிளவோ இன்றுவரை நிலைத்திருக்கிறது.

அப்பிளவு ஒரே நாளில் தோன்றியதன்று. 1946இல் மலாயா ஒன்றியம் அமைந்தபோது சிங்கப்பூர் தனிக் குடியேற்ற நாடாக்கப்பட்டது. 1963 செப்டம்பர் 16ஆம் நாள் இரண்டும் மலேசியாவில் இணைந்தன. 1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் பிரிந்தன. பிரிந்த மறுநாளே பயணம் மாறிவிடவில்லை என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். கடப்பிதழ்ச் சோதனை 1967இல்தான் கடற்பாலத்தில் நடைமுறைக்கு வந்தது. அரசியல் எல்லை பிறந்ததற்கும் அதைச் சாலையில் செல்லும் மனிதர் உணர்ந்ததற்கும் இடையே ஏறத்தாழ ஈராண்டு இடைவெளி இருந்தது. 1967க்கு முன் டாக்சி ஓட்டுநர் கேட்ட வினா ‘எங்கே போக வேண்டும்?’ என்பது. அதற்குப் பின் ‘கடப்பிதழ் இருக்கிறதா?’ என்பதும் அதனோடு சேர்ந்தது.

எல்லை என்பது நீரிணையின் நடுவே வரைந்த கோடு என்று நாம் எண்ணுகிறோம். பயணியைப் பொறுத்தவரை அதிகாரியின் மேசை எங்கே இருக்கிறதோ அங்கேதான் எல்லை. இதற்கு ரயிலே தக்க சான்று. 1998இல் சிங்கப்பூர் தன் ரயில் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்சுக்கு மாற்றியது. மலேசிய அதிகாரிகளோ தஞ்சோங் பகார் நிலையத்திலேயே தொடர்ந்தனர். ஆகவே 2011 ஜூன் 30ஆம் நாள் அந்நிலையம் மூடப்படும்வரை, வடக்கே செல்லும் ரயில் பயணி முதலில் மலேசியாவுக்குள் நுழைந்து, அதன்பின் சிங்கப்பூரை விட்டு வெளியேறினார்.

வாடகைக் காருக்கும் இவ்வாறே ஓர் எல்லை வகுக்கப்பட்டது. எல்லை கடந்து ஓடும் டாக்சிக்கு இரு நாடுகளின் உரிமமும் வேண்டும். இரு பக்கத்திலிருந்தும் தலா 200 வண்டிகள் வரை என வரம்பு வைக்கப்பட்டது. மலேசிய டாக்சி சிங்கப்பூருக்குள் பான் சான் ஸ்திரீட் நிலையத்திலும், சிங்கப்பூர் டாக்சி ஜோகூர் பாருவில் லார்கின் நிலையத்திலும் பயணிகளை ஏற்றி இறக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. அயல்நாட்டு வண்டி உள்ளூர்ச் சாலைகளில் வாடகை தேடித் திரிந்தால் உள்ளூர் ஓட்டுநரின் பிழைப்பு கெடும் என்பதே இதன் அடிப்படை. நாம் தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு விடை இதுவே. பான் சான் ஸ்திரீட் நிலையம் கடற்கரையில் இல்லை. நகரின் நடுவே, தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது. வாடகைக் காரைப் பொறுத்தவரை எல்லையின் ஒரு முனை அங்கேதான் நடப்பட்டிருந்தது.

விதி இருக்கும் இடத்தில் விதிமீறலும் வளரும். உரிமமின்றி ஆள் ஏற்றும் வண்டியை மலாய் மொழியில் ‘கெரெத்தா சாப்பு’ என்பர். ‘சாப்பு’ என்றால் பெருக்குதல். 1960களில் சிங்கப்பூருக்குள்ளேயே இத்தகைய வண்டிகள் மிகுதியாக ஓடின. 1970இல் தொழிற்சங்கக் காங்கிரஸ் ‘கம்ஃபர்ட்’ கூட்டுறவு அமைப்பை நிறுவி, ஓட்டுநர் பலரை முறையான டாக்சித் தொழிலுக்குள் கொண்டுவந்தது. எல்லை கடந்த பயணத்தில் அதே சிக்கல் வேறு வடிவில் திரும்பியது. சமூக ஊடகங்கள் வழியாக உரிமமற்ற கார்கள் வீட்டு வாசலிலிருந்து வாசலுக்குச் செல்ல அமர்த்தப்பட்டன. 2025இல் நிலப் போக்குவரத்து ஆணையம் சோதனைகளைக் கடுமையாக்கிப் பல வண்டிகளைக் கைப்பற்றியது. இக்குற்றத்துக்கு 3,000 வெள்ளி வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம், வண்டியும் பறிமுதலாகலாம்.

இங்கே நாம் இரு பக்கத்தையும் நேர்மையாக நிறுத்துப் பார்க்க வேண்டும். உரிமமற்ற வண்டி விபத்துக்குள்ளானால் அதில் சென்றவருக்குப் போதிய காப்புறுதி கிடைக்காமற் போகலாம். உரிமக் கட்டணமும் காப்புறுதியும் செலுத்தும் ஓட்டுநருக்கு அவ்வண்டி இழைப்பது அநீதி. அதே வேளையில், பேருந்தில் செல்வோர் சோதனைச்சாவடிகளில் இறங்கி, வரிசையில் நின்று, மீண்டும் ஏற வேண்டும். காரில் செல்வோர் அமர்ந்தபடியே சோதனையை முடித்துக்கொள்ளலாம். நடக்க இயலாத தாயை அழைத்துச் செல்லும் மகளுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது. மக்கள் நாடியது சட்டமீறலை அன்று; 1967க்கு முன் இயல்பாகக் கிடைத்த வாசல்வரைப் பயணத்தை. டாக்சிகளின் வரம்பை உயர்த்துவது, இறங்குமிடக் கட்டுப்பாட்டைத் தளர்த்துவது ஆகியவை இரு நாடுகளுக்கிடையே பேசப்பட்டதற்கு இந்தத் தேவையே காரணம்.

சாலை முற்றாக அடைபட்ட காலத்தையும் நாம் கண்டோம். 2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டைத் தொடங்கியபோது கடற்பாலம் வெறிச்சோடியது. பெருந்தொற்றுக்கு முன் நாள்தோறும் ஏறத்தாழ 300,000 பேர் கடந்த பாதை அது. 2021 நவம்பரில் குறிப்பிட்ட பேருந்துகள் வழியாக ஓரளவும், 2022 ஏப்ரல் 1ஆம் நாள் முழுமையாகவும் எல்லை திறந்தது. ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்த பெற்றோரை ஈராண்டு காணாதிருந்த பிள்ளைகள் நம் வகுப்புகளிலும் இருந்தனர். எல்லை என்றால் என்ன என்பதை அவர்கள் நூலிலிருந்து கற்கவில்லை.

இவ்வெல்லை நம் மொழியிலும் தடம் பதித்துள்ளது. ‘குடிநுழைவு’ என்பது சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேரூன்றிய சொல். தமிழகத்தார் ‘குடியேற்றம்’ என்றும் இலங்கையர் ‘குடிவரவு’ என்றும் சொல்வர். தமிழகத்தில் ‘கடவுச்சீட்டு’ ஆனது இங்கே ‘கடப்பிதழ்’. ‘சோதனைச்சாவடி’ என்னும் தொடரில் வரும் ‘சாவடி’ ஒருகாலத்தில் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறிய இடத்தைக் குறித்தது. ஓய்வு தந்த இடத்தின் பெயர் இன்று தடுத்து நிறுத்தும் இடத்தின் பெயராகியுள்ளது. கடற்பாலத்தின் இரு முனையிலும் இந்தச் சொற்கள் பொதுவாக வழங்குகின்றன. எல்லையைக் குறிக்கும் சொற்களே எல்லையால் பிரிக்கப்படாதிருப்பது நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

இனி வருங்காலம். உட்லண்ட்ஸ் நார்த்தையும் ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் இணைக்கும் விரைவு ரயில் 2026 இறுதிக்குள் ஓடத் தொடங்கும் எனத் திட்டமிடப்பட்டுள்ளது. அதில் இரு நாட்டுச் சோதனைகளும் புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும். அதிகாரியின் மேசை மீண்டும் இடம்பெயர்கிறது. எல்லையும் அதனோடு இடம்பெயர்கிறது.

ரயிலின் வரலாற்றை எழுதுவது எளிது. கால அட்டவணையும் பயணச்சீட்டும் அடிக்கல்லும் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். வாடகைக் காரின் பயணத்துக்குச் சீட்டு இல்லை. பணம் கைமாறியதும் தடம் அழிந்துவிடும். அதன் ஆவணம் மனித நினைவு ஒன்றே. கடப்பிதழின்றிக் கடற்பாலத்தைக் கடந்தபோது பதினைந்து வயதினராய் இருந்தோர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டனர். ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரிடம் நான்கு வினாக்களைக் கேட்டு, விடையை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வரட்டும்: எங்கே வண்டி ஏறினீர்கள்? உடன் யார் வந்தார்? எவ்வளவு கொடுத்தீர்கள்? எதற்காகச் சென்றீர்கள்? இவ்வாறு ஒரு வகுப்பில் முப்பது தாள்கள் சேர்ந்தால், எந்தக் காப்பகத்திலும் இல்லாத வரலாற்றின் ஒரு பகுதி நம் கைக்கு வந்துவிடும். கேட்பதற்கு நமக்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.