பள்ளிப் பருவத்தில் கல்லூரிக் கிரெடிட்: பண்டார் தெங்காரா வட்டாரம்

பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடங்களை முடித்து, அந்தக் கிரெடிட்டைப் பின்னர் பட்டப்படிப்பில் கழித்துக்கொள்ளும் முறை அமெரிக்காவில் வேரூன்றியது. கனெக்டிகட் பல்கலைக்கழகம் 1955இலேயே இதைத் தொடங்கிவிட்டது. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் 1973ஆம் ஆண்டுத் திட்டத்தில், பல்கலைக்கழகத்திடம் பயிற்சி பெற்ற பள்ளி ஆசிரியரே பல்கலைக்கழகப் பாடத்தைத் தம் வகுப்பில் நடத்தினார். மின்னசோட்டா மாநிலம் 1985இல் ஒரு படி மேலே போய், மாணவரைக் கல்லூரிக்கே அனுப்பிக் கட்டணத்தை அரசு ஏற்கச் சட்டம் இயற்றியது.

மலேசியாவின் சாதாரண இடைநிலைப்பள்ளியில் இப்படியோர் ஏற்பாடு இல்லை. ஜொகூர், கூலாய் மாவட்டத்தின் பண்டார் தெங்காரா, 1972இல் அமைந்த தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியமான கெஜோராவின் திட்டத்தில் செம்பனைக்கு நடுவே எழுந்த நகரம். இங்கே ஐந்தாம் படிவம் படிப்பவர் 17 வயதில் இடைநிலைக் கல்வியின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிய பிறகே உயர்கல்வியின் முதல் கிரெடிட்டைத் தொடுகிறார். எஸ்.பி.எம்.முக்குப் பிந்தைய ஆறாம் படிவம் 2012 முதல் மூன்று பருவங்களாகி, அதன் தேர்வான எஸ்.டி.பி.எம். முடிவும் 4.00 புள்ளிக் கணக்கில் வருகிறது. தோற்றம் பல்கலைக்கழகம் போன்றதுதான். ஆனால் அந்தப் புள்ளி பெரும்பாலும் சேர்க்கைக்கே பயன்படுகிறது, பாடத்தைக் குறைக்க அல்ல.

அமெரிக்க முறைக்கு இந்நாட்டில் மிக அருகில் நிற்பது கல்வியமைச்சின் தொழிற்கல்லூரி, அதாவது கோலேஜ் வொக்கேஷனல். பழைய தொழிற்பள்ளிகளைக் கல்லூரிகளாக உயர்த்தும் திட்டம் 2012இல் 15 இடங்களில் முன்னோடியாகத் தொடங்கியது. மூன்றாம் படிவம் முடித்தவர் இங்கே சேரலாம். முதல் இரண்டு ஆண்டுகள் மலேசியத் தொழிற்கல்விச் சான்றிதழான எஸ்.வி.எம்.முக்கு, அடுத்த இரண்டு ஆண்டுகள் தொழிற்கல்வி டிப்ளோமாவான டி.வி.எம்.முக்கு. பட்டறை வேலையோடு எஸ்.பி.எம். தரத்து மலாய்மொழி, வரலாற்றுத் தாள்களையும் எழுத வேண்டும். வாகனத் தொழில்நுட்பம், வெல்டிங், மின்சாரம், கணக்கியல், பேக்கரி எனத் துறைகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பண்டார் தெங்காரா மாணவருக்கு எட்டும் தூரத்தில் கோத்தா திங்கியிலும் குளுவாங்கிலும் இத்தகைய கல்லூரிகள் உள்ளன. ஆனால் தினமும் போய்வருவது கடினம், பெரும்பாலும் விடுதி வாழ்க்கைதான்.

இதன் பெரிய லாபம் காலம். எஸ்.பி.எம். எழுதிப் பாலிடெக்னிக் சேர்பவர் டிப்ளோமாவோடு வெளிவர ஏறக்குறைய 20 வயதாகிறது. தொழிற்கல்லூரி மாணவர் 19 வயதில் முடித்துவிடலாம். விலை என்னவென்றால், துறையை 15 வயதிலேயே தேர்ந்துகொள்ள வேண்டும். இடையில் மருத்துவம், சட்டம் என்று மனம் மாறினால் வழி சுற்றாகிவிடும். 'படிப்பு வராதவன் போகிற இடம்' என்று இன்னும் சொல்லித் திரியும் பெற்றோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கிரெடிட் என்ற சொல்லில் குழப்பம் வேண்டாம். எஸ்.பி.எம்.மில் 'ஐந்து கிரெடிட்' என்பது தேர்ச்சித் தரம்; இங்கே சொல்லப்படும் கிரெடிட் உழைப்பு நேரத்தின் அளவு. மலேசியத் தகுதிகள் நிறுவனமான எம்.கியூ.ஏ., 40 மணி நேரக் கற்றலை ஒரு கிரெடிட்டாகக் கொள்கிறது. வகுப்பு, பட்டறை, சொந்தப் படிப்பு எல்லாம் அதில் அடங்கும். டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90, இளங்கலைப் பட்டத்துக்கு 120. டிப்ளோமா கிரெடிட்டைப் பட்டப்படிப்புக்கு மாற்ற, பாடத்தில் குறைந்தது 'சி' தரம் வேண்டும். பாட உள்ளடக்கம் 80 விழுக்காடாவது ஒத்துப்போக வேண்டும். பட்டத்தின் மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காடு வரைதான் மாற்றலாம் என்பது நெடுநாள் வழக்கம். 120க்கு 36 என்றால் ஓராண்டுப் படிப்புக்குக் கிட்டத்தட்டச் சமம். விடுதிச் செலவும் கட்டணமும் சேர்த்துப் பார்க்கும் தோட்டக் குடும்பத்துக்கு அது சிறிய தொகையல்ல.

தொழிற்கல்லூரி மாணவர்கள் நாடுவது பெரும்பாலும் பாரிட் ராஜாவிலுள்ள துன் ஹுசைன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம் (யு.டி.எச்.எம்.) போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களையும் அவற்றின் தொழில்நுட்ப இளங்கலைப் படிப்புகளையும்தான். கிரெடிட் மாற்றம் தானாக நடப்பதில்லை. சேரும் பல்கலைக்கழகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். முடிவும் அதனுடையதே. எம்.கியூ.ஏ. அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாக அல்லாமல் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியே வழங்கப்படுவதால், சேருமுன் அதன் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரைத் தேடிப் பார்ப்பது நல்லது. மதிப்பெண் பட்டியலோடு ஒவ்வொரு பருவத்தின் பாடத்திட்டத்தையும் பத்திரப்படுத்த வேண்டும்: 80 விழுக்காட்டு ஒப்பீடு நடப்பது அந்தத் தாள்களை வைத்தே.