இனம் இழந்த அடைமொழி: இந்திய ரயில் என்ஜின்களின் பெயரும் எண்ணும், மதுரைத் தடத்தை முன்வைத்து

மதுரைச் சந்திப்பிலிருந்து கூடல்நகர், சோழவந்தான் வழியாக வடக்கே செல்லும் விரைவு வண்டிகளின் என்ஜினில் இரண்டு குறிகள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று வகைக்குறி, பெரும்பாலும் டபிள்யூஏபி-7. மற்றது பெரும்பாலும் 30 ஆயிரத்திலோ 37 ஆயிரத்திலோ வரும் ஐந்திலக்க எண். முன்னது ஓர் இனத்தின் பெயர், பின்னது ஒரு தனி என்ஜினின் பெயர். இவற்றைப் பொறியியல் குறிமுறையாகப் படிப்பதே வழக்கம். இக்கட்டுரை இவற்றைப் பெயர்களாக, நம் இலக்கணத்தின் துணையோடு படிக்கிறது. வகைக்குறி காரணப்பெயராகப் பிறந்து இடுகுறிப்பெயராக வாழ்கிறது. அந்த மாற்றத்தை ஏற்காமல் பெயருக்குள் காரணத்தை மீண்டும் புகுத்த முயன்ற ஒவ்வொரு முறையும் குழப்பமே விளைந்தது என்பது என் வாதம்.

முதலில் குறிமுறை. முதலெழுத்து தண்டவாள இடைவெளியைக் காட்டும்: 1676 மி.மீ. அகலப் பாதைக்கு டபிள்யூ, மீட்டர் கேஜுக்கு ஒய், 762 மி.மீ. குறுகிய பாதைக்கு இசட், 610 மி.மீ. பாதைக்கு என். இரண்டாம் எழுத்து ஆற்றலின் மூலம்: டீசலுக்கு டி, நேர்மின்சாரத்துக்கு சி, மாறுமின்சாரத்துக்கு ஏ. மூன்றாம் எழுத்து வேலை: பயணிகள் வண்டிக்கு பி, சரக்குக்கு ஜி, இரண்டுக்கும் எம், ஷண்டிங்குக்கு எஸ். அதன் பின் ஓர் எண். சிலவற்றில் எண்ணுக்குப் பின் இன்னோர் எழுத்து. (ஆங்கில எழுத்துகள் இரண்டு தமிழில் ஒரே 'பி' ஆகிவிடுகின்றன. எண்ணுக்கு முன் வந்தால் பயணிகள் பி, பின் வந்தால் உட்பிரிவு காட்டும் பி என்று கொள்க.)

நீராவி என்ஜின்களுக்கு நடு எழுத்தே கிடையாது. மதுரைப் பக்கம் ஓடிய ஒய்பி பயணிகள் என்ஜின், ஒய்ஜி சரக்கு என்ஜின். நீராவி தவிர வேறு ஆற்றல் பெயருக்குள் வராத காலத்தில் அதைச் சொல்ல எழுத்து தேவைப்படவில்லை. எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லாததுபோல நீராவிக்கும் உருபு இல்லை. டீசல் வந்ததும் அதற்கு ஓர் உருபு வேண்டியதாயிற்று; நடுவில் டி நுழைந்தது. குறிமுறையின் வரலாறு முழுவதையும் இந்த ஓர் இடத்தில் காணலாம்: எது இயல்பானதோ அது குறி பெறாது, புதிதாக வந்ததுதான் குறி பெறும்.

இனி முதலெழுத்துக்கு வருவோம். அடைமொழியில் இனமுள்ள அடை, இனமில்லா அடை என்ற பாகுபாட்டைத் தமிழ் மாணவர் பள்ளியிலேயே படிக்கிறார். செந்தாமரை என்றால் வெண்டாமரையிலிருந்து பிரித்துக் காட்டுகிறோம். செஞ்ஞாயிறு என்றால் பிரித்துக் காட்ட வேறு ஞாயிறு இல்லை. இனம் சுட்டாத அடை உலக வழக்குக்கு உரியதன்று, செய்யுளுக்கே உரியது என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் முடிபு. டபிள்யூ என்ற எழுத்தை இந்த அளவுகோலால் அளந்து பார்க்க மதுரையைவிடப் பொருத்தமான இடம் குறைவு.

மதுரைக்கு 1875-இல் ரயில் வந்தபோது வந்தது மீட்டர் கேஜ். தென்னிந்திய ரயில்வேயின் அந்தத் தடம் அடுத்த ஆண்டு தூத்துக்குடியைத் தொட்டது. 1928-இல் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் வரை சென்ற கிளையும் மீட்டர் கேஜே. நூறாண்டுக்கு மேல் இந்தச் சமவெளியில் ஓடிய என்ஜின்கள் யாவும் மீட்டர் கேஜ் என்ஜின்கள். 1977 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய வைகை விரைவு வண்டியும் அந்தப் பாதையில்தான் புகழ் பெற்றது. மதுரை வண்டிகளுக்கு எழும்பூரிலிருந்து விழுப்புரம் வரை ஒய்ஏஎம்-1 மின் என்ஜின், விழுப்புரத்துக்குத் தெற்கே ஒய்டிஎம்-4 டீசல் என்ஜின் என்பது அக்காலத்து நடைமுறை. விழுப்புரத்தில் மாறியது நடு எழுத்து மட்டும், ஒய் மாறவில்லை. மதுரையில் நிற்பவருக்கு அன்று ஒய் என்ற எழுத்தால் ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. எல்லாமே ஒய். ஆனால் நாடு முழுவதையும் பார்த்த ரயில்வே வாரியத்துக்கு அது இனமுள்ள அடை. அகலப் பாதையில் ஓடிய ஈரோட்டு என்ஜினையும் மதுரை என்ஜினையும் பிரித்தது அந்த எழுத்துதான்.

1990களில் மதுரைக்கு அகலப் பாதை வந்தது. 1992-இல் தொடங்கிய ஒரே கேஜ் திட்டம் மற்றத் தடங்களையும் ஒவ்வொன்றாக மாற்றியது. கடைசியில் நின்றது போடித் தடம். 2010 இறுதியில் அங்கும் மீட்டர் கேஜ் ஓட்டம் நின்றது. பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூனில் போடி வரையும் அகலப் பாதையில் ரயில் ஓடியது. மீண்டும் தேனிக்குப் போன முதல் வண்டியை இழுத்த டீசல் என்ஜினின் பெயர் டபிள்யூ என்று தொடங்கியது. மீட்டர் கேஜ் நின்றதிலிருந்தே மதுரையில் டபிள்யூ தவிர வேறெழுத்தைக் காண வழியில்லை. ஒய் சொல்லாத செய்தியை டபிள்யூவும் சொல்வதில்லை. முன்பாவது நாட்டளவில் எதிர் இனம் நிறைந்திருந்தது. இப்போது அதுவும் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

ஏறக்குறைய என்று சொல்லக் காரணம் நீலகிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையுள்ள 46 கி.மீ. மலைப்பாதை இன்றும் மீட்டர் கேஜ். குன்னூருக்கு மேல் வண்டியை இழுப்பது, ஒருகாலத்தில் மதுரை வண்டிகளை இழுத்த அதே ஒய்டிஎம்-4 இனம். ஆகவே டபிள்யூ முழுவதும் இனமிழந்துவிட்டது என்று சொன்னால் மறுப்புக்கு இடமுண்டு. அந்த மறுப்பை ஏற்கிறேன். ஆனால் அதே மலையின் பல்சக்கர நீராவி என்ஜின்களின் பெயரையும் அப்போது கணக்கில் கொள்ள வேண்டும். அவற்றின் வகை எக்ஸ். 1920களின் தரப்படுத்தலில் எக்ஸ்ஏ, எக்ஸ்பி, எக்ஸ்சி என்று அகலப் பாதையைக் குறித்தது இதே எழுத்து. போருக்குப் பின் அந்த இடத்தை டபிள்யூ எடுத்துக்கொண்டது. நீலகிரி எக்ஸோ மீட்டர் கேஜில் ஓடுகிறது. பொன்மலைப் பணிமனை இந்த நூற்றாண்டில் புதிதாகக் கட்டிய மலை என்ஜின்களும் அதே எக்ஸ் பெயரைத்தான் தாங்கின. எழுத்தின் காரணத்தை நம்பியவர் இங்கே ஏமாறுவார். பெயரை இடுகுறியாக எடுத்துக்கொண்டவர் ஏமாற மாட்டார்.

இரண்டாம் எழுத்தின் கதை இன்னும் சுருக்கமானது. சென்னைக் கடற்கரை–தாம்பரம் தடம் 1931-இல் நேர்மின்சாரத்தில் ஓடத் தொடங்கி, 1960களில் மாறுமின்சாரத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் சி என்ற எழுத்தின் ஆயுள் அவ்வளவே. மும்பையிலும் 2010களின் நடுவில் நேர்மின்சாரம் விடைபெற்றபின், ஏ என்பதற்கு எதிராக நிற்க சி இல்லை.

எண்ணைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். தொடக்கத்தில் அது வெறும் வரிசை: முதலில் வந்தது 1, அடுத்தது 2. ஒய்டிஎம்-4-இன் திறன் ஏறத்தாழ 1400 குதிரைத்திறன். நான்கு என்பது அவ்வினம் வந்த முறையைச் சொன்னது, ஆற்றலைச் சொல்லவில்லை. வாரணாசி ஆலை 1964-இல் தன் முதல் என்ஜினாக வெளியிட்ட டபிள்யூடிஎம்-2 வகை 2600 குதிரைத்திறன் கொண்டது. 1980களின் பிற்பகுதியில் வந்து சென்னைத் தண்டையார்பேட்டை ஷெட்டில் வாழ்ந்த டபிள்யூடிஎம்-7-இன் திறனோ 2000-தான். இரண்டைவிட ஏழு வலிமை குறைந்தது. வரிசை எண்ணில் இது குறையாகாது. பவணந்தியார் சொல்லும் இடுகுறிப்பெயர் அது; காரணம் கேட்கக் கூடாது.

2002-இல் ரயில்வே காரணம் கேட்டது. பிரதான தடங்களில் ஓடும் டீசல் என்ஜின்களுக்கு, எண் என்பது ஆயிரம் குதிரைத்திறனையும் பின்வரும் எழுத்து நூறுகளையும் காட்டும் என்று புதிய விதி வந்தது. ஏ என்றால் நூறு, பி என்றால் இருநூறு. அதன்படி டபிள்யூடிஎம்-2சி, டபிள்யூடிஎம்-3ஏ ஆயிற்று. 3100 குதிரைத்திறன், விதிக்குச் சரியாகப் பொருந்தியது. பார்த்தவுடன் ஆற்றலைச் சொல்லும் பெயர், அழகான எண்ணம்தான். ஆனால் டபிள்யூடிஎம்-3டி விதிப்படி 3400 ஆக இருக்க வேண்டும். அதன் திறன் 3300. டபிள்யூடிபி-4பி 4200 ஆக வேண்டும், அது 4500. டபிள்யூடிஜி-4டியில் உள்ள டி இருபுறமும் ஓட்டுநர் அறை இருப்பதைக் குறிக்க வந்தது, திறன் 4500. பீகாரின் மரௌரா ஆலையில் உருவாகும் டபிள்யூடிஜி-4ஜியின் ஜி, வடிவமைத்த ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சுட்டுகிறது. ஒரே இடத்தில் நிற்கும் எழுத்து ஒருமுறை ஆற்றல், ஒருமுறை அறை, ஒருமுறை ஆலை. பழைய டபிள்யூடிஎம்-2, டபிள்யூடிஎம்-7 ஆகியவற்றுக்கோ விதி பின்னோக்கிச் செல்லவில்லை. ஆக, ஒரே ஷெட்டில் அருகருகே நின்ற இரண்டு என்ஜின்களின் எண்களில் ஒன்று காரணம், மற்றது இடுகுறி. எது எது என்பதைப் பெயரே சொல்லாது. வெளியிலிருந்து அறிந்து வர வேண்டும். காரணப்பெயரின் பயனே அங்கே போய்விடுகிறது.

மின் என்ஜின்களை அந்த விதி தொடவேயில்லை. டபிள்யூஏபி-7-இன் ஏழு வரிசை எண்தான், திறன் 6350. அதே வேளையில் மதேபுரா ஆலையின் டபிள்யூஏஜி-12 சரக்கு என்ஜின் 12,000 குதிரைத்திறன் கொண்டது. இங்கே எண்ணும் திறனும் ஒத்துப்போவதால், 9 என்றால் ஒன்பதாயிரமா என்று புதியவர் கேட்பார். டபிள்யூஏஜி-9-க்கு ஆறாயிரத்துச் சொச்சம்தான்.

டபிள்யூ போயிற்று, ஏ போயிற்று, எண்ணும் நம்பத் தகுந்ததாக இல்லை. மிஞ்சுவது மூன்றாம் எழுத்து. பி, ஜி என்ற வேறுபாடு இன்றும் உயிருள்ளது. ஆனாலும் டபிள்யூஏபி-7 பிறந்ததே டபிள்யூஏஜி-9-இலிருந்து. பெரும்பாலும் ஒரே உடல், ஒரே மின்கருவிகள். பல்சக்கர விகிதம் வேறு. சரக்கு என்ஜின் மணிக்கு 100 கி.மீ. வரை, பயணிகள் என்ஜின் 140 வரை. பெயரில் இரண்டு இனம். ஷெட்டில் பழுது பார்ப்பவருக்கு ஏறக்குறைய ஒரே இனம்.

இங்கேதான் வகைக்குறியின் பெரிய மௌனம் வெளிப்படுகிறது. இன்றைய மின் என்ஜின்களில் பராமரிப்பவருக்கும் ஓட்டுபவருக்கும் தலையாய வேறுபாடு, டபிள்யூஏபி-4 போன்ற பழைய முறை என்ஜினா, டபிள்யூஏபி-7 போன்ற மூன்று கட்ட மின்மோட்டார் என்ஜினா என்பது. உதிரி பாகம் வேறு, பயிற்சி வேறு, கோளாறு வரும் விதமே வேறு. டீசலில் அமெரிக்க ஆல்கோ வழி வந்ததா, ஜெனரல் மோட்டார்ஸின் இ.எம்.டி. வழி வந்ததா என்பது அதே அளவு பெரிய பிளவு. இந்த இரண்டில் எதையும் சொல்ல வகைக்குறியில் ஓரெழுத்துக்கும் இடமில்லை. ஆனால் ஷெட்களில் 'த்ரீ ஃபேஸ்', 'கன்வென்ஷனல்', 'ஆல்கோ', 'இ.எம்.டி.' என்றுதான் பேச்சு. வாரியம் வைத்த பெயர் பேசாததைத் தொழிலாளர் வழக்கு பேசுகிறது. உலக வழக்கே இலக்கணத்துக்கு முதல் என்று தொல்காப்பிய மரபில் கற்ற நமக்கு இது வியப்பாக இருக்கக் கூடாது.

தனி என்ஜினின் ஐந்திலக்க எண்ணிலும் இதே பாடம். 1957-இல் நீராவி என்ஜின்களுக்கு அனைத்திந்திய எண்வரிசை வந்தபோது நீலகிரி என்ஜின்களுக்கு 37 ஆயிரத்தில் எண்கள் விழுந்தன. டபிள்யூஏபி-7 இனம் 30201-இல் தொடங்கி, ஒதுக்கிய இடம் போதாமல் போனபின் அதற்கும் 37 ஆயிரத்தில் வரிசை கொடுக்கப்பட்டது. எண் மட்டும் தெரிந்தால் மலை நீராவியா சமவெளி மின்சாரமா என்று சொல்ல முடியாது. இதைக் குறையென்று சிலர் சொல்வர். பிரிட்டன் 1970களில் கணினிப் பதிவுக்காக என்ஜின் எண்ணுக்குள்ளேயே வகை எண்ணை முதலில் வைத்தது. மேற்கு ஜெர்மனி 1968-இலேயே கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கத்தையும் சேர்த்தது. நம்மிடமும் அந்த அறிவு இல்லாமலில்லை. இந்திய சரக்குப் பெட்டியின் பதினோரிலக்க எண்ணில் பெட்டி வகை, உரிமையுள்ள ரயில்வே, கட்டிய ஆண்டு, தொடரெண் எல்லாம் உண்டு. இறுதி இலக்கம் பிழை கண்டுபிடிக்க.

சரக்குப் பெட்டிக்கு அது பொருந்தும். பெட்டி பிறந்த ஆண்டு மாறாது. என்ஜினின் நிலை வேறு: டபிள்யூடிஎம்-2 மறுசீரமைப்பில் வேறு வகையாகிறது, டீசல் என்ஜின் மின் என்ஜினாகவே மாற்றப்பட்டதும் உண்டு. வாழ்நாளில் தன்மை மாறும் பொருளுக்குத் தன்மையைப் பெயராக வைத்தால் பெயரே பொய்யாகும். ஆகவே ஐந்திலக்க எண்ணில் சரிபார்ப்பு இலக்கம் ஒன்றைச் சேர்க்கலாம். வகையை அதற்குள் திணிக்கக் கூடாது. முதலெழுத்து டபிள்யூவையும் நீக்க வேண்டாம். இனமிழந்த அடையாயினும் அது மதுரைத் தடம் கடந்து வந்த நூற்றிருபது ஆண்டுகளின் பதிவு.

ஒரு வேண்டுகோள். மதுரையின் மீட்டர் கேஜ் காலத்தில் நீராவியிலும் ஒய்டிஎம்-4-லும் வேலை பார்த்தவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தொட்டிருக்கிறார்கள். வாரியத்தின் குறிகள் ஆவணங்களில் இருக்கும். அவர்கள் தம் என்ஜின்களைப் பிரித்தறிந்து அழைத்த சொற்கள் எந்த அகராதியிலும் ஏறவில்லை. மதுரையிலுள்ள தமிழ்த் துறைகள் தம் மாணவர்களை ஓய்வு பெற்ற அந்தத் தொழிலாளர்களின் வீடுகளுக்கு இந்த ஆண்டே அனுப்ப வேண்டும்.