பாதரசக் கிண்ணம் முதல் பாலாற்றங்கரை வரை

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிற்சாலைக்குள் நுழைந்தால், பெரிய மர உருளைகள் சுழல்வதைக் காணலாம். டிரம் என்பது அவற்றுக்குத் தொழிலாளர் வழங்கும் பெயர். அவற்றைச் சுழற்றும் விசை மனிதனுக்குக் கைவந்த வரலாற்றை இன்று காண்போம்.

1820-ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரப் பேராசிரியர் ஓயர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்பக் கண்டார். கம்பி காந்தத்தை அசைக்குமாயின், காந்தமும் கம்பியை அசைக்க வேண்டுமன்றோ? மறு ஆண்டே இலண்டனில் மைக்கேல் பாரடே அதனை மெய்ப்பித்தார். இவர் கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். பாதரசக் கிண்ணத்தின் நடுவே காந்தத்தை நிறுத்தி, மேலிருந்து தொங்கிய கம்பியின் நுனி பாதரசத்தைத் தொடுமாறு செய்தார். மின்சாரம் பாய்ந்ததும் கம்பி காந்தத்தை வலம்வரத் தொடங்கிற்று.

இவ்விசை கம்பிக்கும் காந்தப் புலத்திற்கும் செங்குத்தாக எழுகின்றது. மின்னோட்டம், கம்பியின் நீளம், புலத்தின் வலிமை ஆகியவற்றுள் எது பெருகினும் விசை பெருகும். கம்பி புலத்திற்கு இணையாகக் கிடந்தால் விசையே இல்லை. 0.5 டெஸ்லா புலத்திற்குக் குறுக்கே, 10 ஆம்பியர் ஓடும் ஒரு மீட்டர்க் கம்பியின்மீது 5 நியூட்டன் விசை தோன்றும். அஃது ஏறத்தாழ அரைக் கிலோ எடைக்குச் சமம். ஒரு கம்பிக்கு இது சிறிது. மோட்டாரில் பல கம்பிகள் கூடித் தள்ளுவதால் பெரிதாகின்றது.

1932-இல் பைக்காராவிலும் 1937-இல் மேட்டூரிலும் நீர்மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. மின்சாரம் ஊர்தோறும் பரவிற்று. அதற்கு முன் ஆவாரம்பட்டைச் சாறு நிறைந்த குழிகளில் தோல்கள் பல நாள் ஊறின. அவற்றைப் புரட்டியவை மனிதக் கைகளே. நிமிடத்திற்கு ஏறக்குறைய 1,440 முறை சுழலும் மோட்டாரின் வேகத்தைப் பல்சக்கரங்களாலும் வார்ப்பட்டைகளாலும் குறைத்து உருளைக்கு அளித்தபோது, அவ்வுழைப்பில் பெரும்பகுதியை இயந்திரம் ஏற்றது.

ஆயினும் உற்பத்தி பெருகியபோது கழிவுநீரும் பெருகிற்று. பாலாறும் கிணறுகளும் கெட்டன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரை இறைப்பனவும் அதனுள் காற்றைச் செலுத்துவனவும் மோட்டார்களே. டிரம்மைச் சுழற்றும் விசையே அங்கும் வேலை செய்கின்றது. டிரம் ஓடும் நாளெல்லாம் அந்த மோட்டார்களும் ஓடவேண்டும். அவை நின்றால் குடிநீர் கெடும் என்பதைத் தொழில் நடத்துவோர் மறத்தலாகாது.